எட்ட நின்று பார்

2025 தீபாவளிக்கு என் தம்பி ஒரு டி.வி. வாங்கி வந்தான். 43 அங்குலம், 4கே. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பவர் டேபிள் டெய்லர். பீஸ் ரேட்டில் தைத்துச் சேர்த்த காசை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியைப் பன்னிரண்டு மாதத் தவணைக்கு எழுதிக் கொடுத்திருந்தான். திண்டுக்கல் கடையிலிருந்து வண்டி பிடித்து, மேலத்தெரு வழியாக வந்து, எங்கள் காலனிக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தன. இரண்டு பேர் பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"எதுக்குடா நமக்கு இம்புட்டுப் பெருசு?" என்று கேட்டேன்.

பெட்டியைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "வர்ற வழியில மேலத்தெருவுல கேப்பாங்கன்னு நெனச்சேன்க்கா. அவுங்க பாத்துட்டு சும்மா இருந்துட்டாங்க. நீ கேக்குற" என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் மேடைகளில் பேசுகிறவள். எழுதுகிறவள். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்ததே தவிர, அது என்னுடைய கேள்வி அல்ல. அது யாருடையது, எத்தனை வயசானது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் என்கிற ஆங்கிலேய அதிகாரி இந்தியச் சாதிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்களுக்கு முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது. சட்டை கூடாது, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பனியன் போடக்கூடாது என்று தடை விதிக்கப்பட்ட சனத்தின் பேரன்தான் இன்றைக்கு ஊருலகத்துக்கெல்லாம் பனியன் தைக்கிறான்.

1935இல் அகமதாபாத் ஜில்லாவில் ஜானு என்ற கிராமத்தில், உலோகக் குடத்தில் தண்ணீர் மொண்டுவந்ததற்காக நம் பெண்களை அடித்தார்கள். 1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாராவில், தன் சனத்துக்கு வைத்த விருந்தில் ஒருவர் நெய் பரிமாறியதற்காகத் தடியோடு வந்து பந்தியைக் கலைத்தார்கள். நெய் அவர் காசில் வாங்கியது. சாப்பிட்டவர்கள் அவர் சனம். ஆனாலும் அது எப்படி இவர்கள் இலையில் விழலாம் என்பதுதான் கேள்வி. இந்த இரண்டையும் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் எடுத்து வைக்கிறார்.

மண்பானையிலும் நெய்யிலும் தொடங்கியது டி.வி. வரை வந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து நம் சனங்கள் கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்த ஊர் அது. டி.வி.க்களை உடைத்தார்கள். மின்விசிறிகளை உடைத்தார்கள். தேடுதல் வேட்டைக்கு வந்தவர்களுக்கு டி.வி.யை உடைக்கிற வேலை எங்கிருந்து வந்தது? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 200க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தபோதும், வெளியூர் வேலைக்குப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த சாமான்கள்தான் முதலில் நாசமாயின. கலவரக்காரன் கை கண்டபடி உடைப்பதில்லை. அந்த வீட்டுக்குப் புதுசாக வந்தது எது என்று பார்த்து உடைக்கிறது. 'எதுக்கு உங்களுக்கு இது?' என்பது வெறும் கேள்வி அல்ல, தடியை ஓங்குவதற்கு முன்னால் வருகிற பேச்சு.

இது தெரிந்தவள்தான் நான். அப்படியிருந்தும் கேட்டேன்.

என் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தோழர்கள் பலர் சொல்வதுதான்: சந்தை நம் ஆசைகளைத் தயாரிக்கிறது. நேற்று வாங்கியதை இன்று பழசு என்கிறது. ஹெச்.டி. வந்தது, 4கே வந்தது, 8கே வந்திருக்கிறது. தவணை என்ற பெயரில் கடன் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. திரையில் தெரிவதோ நகைக்கடை விளம்பரமும் மாமியார் மருமகள் சண்டையும். இதையெல்லாம் நானும் மேடையில் பேசியிருக்கிறேன். இதில் எதுவும் பொய் இல்லை.

ஆனால் இந்த விமரிசனம் யார் வாசலில் போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 2006 தேர்தலில் தி.மு.க. இலவசக் கலர் டி.வி. தருவதாகச் சொல்லி, செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கியபோது, எத்தனை கேலி! 'சோத்துக்கில்லாதவனுக்குக் கலர் டி.வி. எதுக்கு?' என்று கேட்டவர்கள் வீட்டில் அதைவிடப் பெரிய டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் செயல் ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கோர்ட்டு சொன்னாலும் கேலி நிற்கவில்லை. வரி போடுகிற சர்க்காரும் தேவைக்கும் ஆடம்பரத்துக்கும் நடுவில் அங்குலக் கணக்கில் ஒரு கோடு போட்டிருந்தது. 32 அங்குலத்துக்கு மேலே போனால் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22இல்தான் அதை 18 ஆக்கினார்கள். தம்பி வாங்கியதே அதனால்தான்.

தேவையா என்கிற கேள்வி நல்ல கேள்வி. அதை எல்லா வாசலிலும் கேட்டால் அது அறம். சேரி வாசலில் மட்டும் கேட்டால் அது எட்டுத் தடைகளில் ஒன்பதாவது. 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர் சேலையைப் பற்றிப் பேசினார். தீண்டத்தகாதவள் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கிற விதமாகக் கட்டுவதை விட்டுவிடச் சொன்னார். குடிதண்ணீர்ப் போராட்டத்துக்கு நடுவில் சேலைக்கட்டு எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. பொருள் வெறும் பொருள் அல்ல, அது ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கே நிற்கிறார் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. டி.வி. விஷயத்தில் நாங்கள் நின்ற இடம் ஒன்று உண்டு.

எனக்கு எட்டு வயசு இருக்கும். பஞ்சாயத்து டி.வி. மேலத்தெரு மந்தையில் இருந்தது. முன்னால் இருந்த சிமெண்டுத் திண்டு அவர்கள் பிள்ளைகளுக்கு. அதற்குப் பின்னால் மண் தரை எங்களுக்கு. அது அடிக்கடி ரிப்பேராகிவிடும். அப்போது மேலத்தெருவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே போய் நிற்போம். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', ஞாயிற்றுக்கிழமை படம். ஜன்னல் கம்பியைப் பிடித்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: "ஏ புள்ள, கம்பியத் தொடாத. எட்ட நின்னு பாரு." எட்ட நிற்போம். முன்னால் உள்ள தலைகளுக்கு நடுவில், பன்னிரண்டு பதினைந்து அடிக்கு அப்பால், ஒரு நீலப் பெட்டி அசையும். யார் ஆடுகிறார்கள் என்று தெரியாது. பாட்டு கேட்கும். அதை வைத்து ஆளை ஊகித்துக்கொள்வோம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பார்த்த மாதிரியே பேசுவோம்.

ஆகவே 14 அங்குலக் கலைஞர் டி.வி. எங்கள் வீட்டுக்குள் வந்த நாளை யாரும் கேலி பேசினால் எனக்குப் பொறுக்காது. அதன் படம் பெரிசு இல்லை. ஆனால் முதன்முதலாக அப்பா கால் நீட்டி உட்கார்ந்து டி.வி. பார்த்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்தோம். சமூகநீதி என்று புத்தகத்தில் படித்தது எனக்கு அப்பாவின் அந்த நீட்டிய காலாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

இப்போது புது டி.வி.க்கு வருகிறேன். பழைய டி.வி.யில் படம் கோடு கோடாக வந்தது. நம் நாட்டு முறைக்கு 625 கோடு, அதில் படமாகத் தெரிவது 576. ஹெச்.டி. என்றால் 1080 வரிசை, வரிசைக்கு 1920 புள்ளி, ஆக 20 லட்சத்துக்கு மேல். 4கே என்றால் அதைப்போல நாலு மடங்கு, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளி. கடைக்காரர்கள் இந்த எண்ணைத்தான் விற்கிறார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. இந்தக் கணக்கெல்லாம் நாம் எத்தனை அடி தள்ளி உட்கார்கிறோம் என்பதைப் பொறுத்தது. 43 அங்குலத் திரையை ஆறடிக்கு அப்பாலிருந்து பார்த்தால், சாதாரணக் கண்ணுக்கு 20 லட்சமும் 83 லட்சமும் ஒன்றுதான். எங்கள் தொகுப்பு வீட்டுக் கூடத்தில் சுவரில் மாட்டிவிட்டு எதிரே சாய்ந்து உட்கார்ந்தால் ஐந்தடி, பாயில் படுத்தால் நாலடி. "பெரிய ஹால் வச்சிருக்கவனுக்கு இது வேஸ்ட்டுக்கா, நம்ம வீட்டுக்குன்னே செஞ்சது" என்று தம்பி சிரித்தான்.

தெளிவு பொருளில் மட்டும் இல்லை, தூரத்திலும் இருக்கிறது. சாதி என்பதும் தூரத்தின் ஏற்பாடுதான். மலையாள நாட்டில் எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கே வைத்திருந்தார்கள். தள்ளி நிற்கவைத்துவிட்டு, 'இவர்களுக்கு ஒன்றும் தெரியாது' என்றார்கள். தள்ளி நின்றால் எப்படித் தெரியும்?

கிட்டே வந்துவிட்டோம். இப்போது எது தெரிகிறது?

முதல் நாள் அம்மா பார்த்துவிட்டு, "பழசுலயே நல்லாத் தெரிஞ்சுச்சேடா" என்றாள். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மா சொன்னது சரி. கேபிள் பெட்டியிலிருந்து வருவது அதே பழைய 576 வரிசைப் படம். ஹெச்.டி. சானல் வேண்டுமென்றால் தனிக் காசு. 2160 வரிசை உள்ள திரையில் 576 வரிசையை விரித்தால், இல்லாத புள்ளிகளுக்கு டி.வி. எங்கே போகும்? பக்கத்துப் புள்ளியைப் பார்த்து, இப்படித்தான் இருக்கும் என்று தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் முகமெல்லாம் மெழுகு மாதிரி வழுவழுவென்று தெரிகிறது. எனக்கு நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய கதைகள் ஞாபகத்துக்கு வந்தன. கிட்டே வந்து பார்க்காமல், பக்கத்துத் தெருவைப் பார்த்து இட்டு நிரப்பிய முகங்கள் அவை. திரையைப் பெரிசாக்கினால் மட்டும் போதாது. படம் எடுக்கிறவன் கிட்டே வந்திருக்க வேண்டும்.

கிட்டே வந்தும் பார்க்காத கண் உண்டு. கோடாக் கம்பெனி 1950களிலிருந்து போட்டோ லேப்புகளுக்கு ஒரு அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி. கறுப்பர்களின் முகம் அந்தப் பிலிமில் கண்ணும் பல்லும் மட்டுமாக வந்தது. லோர்னா ராத் என்கிற கனடா நாட்டு ஆய்வாளர் இதை ஆராய்ந்தார். பிலிமை மாற்றும் யோசனை எப்போது வந்தது என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும், பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதானாம். மனுசத் தோலுக்கு வராத அக்கறை மேசைக்கும் மிட்டாய்க்கும் வந்தது.

நம் சீரியல்களையும் விளம்பரங்களையும் பாருங்கள். 83 லட்சம் புள்ளியிலும் சிவப்புத் தோலைத்தான் தேடித் தேடி வைக்கிறார்கள். வேலைக்காரியாகவோ அடியாளாகவோ வரும்போதுதான் நம் நிறம் வருகிறது, அதையும் வெள்ளைத் தோலுக்கு மை பூசி எடுத்தது உண்டு. வேடிக்கை என்னவென்றால், டி.வி. கடையில் இன்றைக்குக் கறுப்புக்குத்தான் மதிப்பு. சாதாரண எல்.இ.டி. டி.வி.யில் பின்னாலிருந்து வெளிச்சம் கசிவதால் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே அணைந்துகொள்வதால் அசல் கறுப்பு வரும். விலையும் அதற்குத்தான். 'கறுப்பப் பாருங்க சார், கறுப்பப் பாருங்க' என்று விற்பனைப் பையன் கூவுகிறான். அந்த அசல் கறுப்பில் கதாநாயகியாக ஒரு முகம் வரட்டும், அப்போது நானும் சொல்கிறேன், டி.வி. முன்னேறிவிட்டது என்று.

இதுவரைக்கும் எழுதியது எனக்கு வசதியான பகுதி. மேலத்தெருவைக் கேட்கலாம், கோடாக்கைக் கேட்கலாம். என் வீட்டைக் கேட்கிற பகுதி இனிமேல்தான்.

பழைய 14 அங்குல டி.வி. 2019இலேயே நின்றுபோய் பரணில் கிடந்தது. தீபாவளி முடிந்த வாரம், பழைய சாமான் எடுக்கிறவர் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் அருந்ததியர் தெருக்காரர். நாற்பது வயசு இருக்கும். அம்மாதான் கூப்பிட்டாள். அவர் வாசப்படியில் கால் வைக்கப் போன நேரத்தில், "அங்கனயே நில்லுப்பா, தம்பி எடுத்தாந்து குடுப்பான்" என்றாள்.

அவர் காலை எடுத்துவிட்டார். ஒன்றும் நடக்காத மாதிரி முற்றத்தில் நின்றார். கதவு திறந்திருந்தது. உள்ளே புது டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. தம்பி பரணிலிருந்து இறக்குகிற வரைக்கும் அவர் கழுத்தைச் சாய்த்து, கதவு நிலை மறைக்காத பக்கமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடி இருக்கும். அந்தச் சாய்ந்த கழுத்தை எனக்குத் தெரியும். எட்டு வயசில் அது என் கழுத்து.

"உள்ள வாங்கண்ணே" என்றேன். அவர் அம்மா முகத்தைப் பார்த்தார். "இருக்கட்டும்த்தா, நேரமாச்சு" என்று டி.வி.யைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "நானா? நானா அப்பிடிச் சொன்னேன்?" என்றாள். அவள் நடிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. 'எதுக்குடா இம்புட்டுப் பெருசு' என்று என் வாய் கேட்டதுபோல, 'அங்கனயே நில்லு' என்று அவள் வாய் சொல்லியிருக்கிறது. இரண்டு வாக்கியமும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. இரண்டும் நமக்கு எதிராகச் செய்யப்பட்டவை. நாம் அவற்றைப் பேசப் பழகிவிட்டோம்.

அந்த டி.வி.யை அவர் என்ன செய்வார்? கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிக்சர் ட்யூபின் கழுத்தில் இருக்கிற செம்புக் கம்பிச் சுருளுக்குத்தான் காசு. அதைக் கழற்றி எடுத்து, சர்க்யூட் போர்டைத் தனியே போட்டு, ட்யூபைக் கல்லால் உடைத்து ஓடைக்கரையில் கொட்டுவார்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடம். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. டி.வி. பார்க்கிறவர்மேல் எக்ஸ் கதிர் படாமல் தடுப்பதற்காகக் கலந்த ஈயம் அது. பார்த்தவர்களைப் பத்து வருசம் பாதுகாத்துவிட்டு, உடைக்கிறவர் மண்ணில் போய் இறங்குகிறது. மின்னணுக் கழிவுக்கு 2011இலும் 2016இலும் 2022இலும் விதிகள் போட்டார்கள். பழசு மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரித்தவனே பொறுப்பு என்கிறது சட்டம். எங்கள் காலனிக்கு எந்தத் தயாரிப்பாளரும் வரவில்லை. மூன்று சக்கர வண்டிதான் வந்தது.

ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு மேலேறுவது என்று எல்லோரும் பேசுகிறோம். சாதியும் ஒரு ஏணிதான், ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் கீழே ஒருவனைக் கொடுத்து அவனைச் சமாதானப்படுத்துகிற ஏணி. நான் மேலேறும்போது என் பழசு யார் தலையில் இறங்குகிறது என்று பார்க்காவிட்டால், நான் ஏறியது விடுதலையில் அல்ல, அந்த ஏணியில்.

தம்பி டி.வி. வாங்கியது தப்பு என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். மீதித் தவணையில் இரண்டு மாதத்தை நான் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டேன். எவ்வளவு பெரிசு என்பதை விட்டுவிட்டேன். அதன் முன்னால் யார் உட்காரலாம், எத்தனை அடியில், அதற்குள் யார் முகம் வருகிறது, அதன் உடைந்த கண்ணாடி யார் காலில் குத்துகிறது: இவற்றைத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. நம் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும் தோழர்களே, பிறரை நோக்கி மட்டுமல்ல.

அந்த அண்ணனைத் தேடிப் போய், ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்க வரச்சொல்லித் தம்பி கூப்பிட்டுவிட்டு வந்தான். இரண்டு ஞாயிறு போய்விட்டது, அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அம்மா கேட்கிறாள். பதில் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருதடவை கூப்பிட்டதும் வந்துவிடுகிற தூரமா அது?